லிபரல் ஒன்றியம், பொட்லேஷ் கிளை

1990 நவம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, பல் டாக்டர் கிளிகோர் பான்கோவ்ஸ்கி ஒரு தேர்தல் சுவரொட்டியால் இறந்துபோனார். காலை ஏழு மணிக்குத் திடமாக இருந்தவர், மாலை நான்கு மணிக்கு நாடித்துடிப்பு இல்லாமல் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அன்று பொட்லேஷ் சந்தையில் குடைமிளகாய் மலிவு, மழை இல்லை, தலைநகர் ஸ்கோப்யேயிலிருந்து வரும் பஸ் இருபது நிமிஷம் தாமதம். வேறு விசேஷம் எதுவும் அன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை.

லிபரல் ஒன்றியத்தின் எங்கள் கிளை அந்த வருஷம் ஜூன் மாதம் அவர் வீட்டு முன்னறையில் இருந்த பல் மருத்துவமனையில்தான் தொடங்கியது. நாற்பத்தைந்து வருஷம் ஒரே கட்சி இருந்த நாட்டில், யார் வேண்டுமானாலும் கட்சி தொடங்கலாம் என்று சட்டம் வந்ததும், எங்கள் ஊரில் ஒரே கோடைக்காலத்தில் ஆறு கட்சிகள் முளைத்தன. அவற்றில் ஆள் குறைந்ததும் படிப்பு மிகுந்ததும் எங்களுடையது. மொத்தம் பதினொரு பேர். டாக்டர் பல் பிடுங்கும் நாற்காலியில் தலைவராக அமர்ந்தார், நாங்கள் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நான் ஏழாவது உறுப்பினர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று குறிப்பேட்டை என் தலையில் கட்டினார்கள். லிபரல் என்றால் என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். ஒரு நெல்வயல்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டார், டாக்டரும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"யாரையும் எதுக்கும் வற்புறுத்தாதவங்கய்யா நாங்க."

"ஓட்டுப் போடச் சொல்லியுமா?"

"அதுக்கும்தான்."

"அப்பச் சரி," என்றார் நெல்வயல்காரர். "நான் போடல." டாக்டர் தலையசைத்து அந்தக் கருத்தை மதித்தார். பிறகு பல்லைப் பிடுங்கினார். எங்கள் கட்சியின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு உரையாடலில் அடங்கிவிடும். மீதியைப் பொறுமை உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுவரொட்டியை அச்சடித்தவர் திராய்ச்சே. ஊரில் இருந்த ஒரே அச்சகம் அவருடையது, அதில் அதுவரை கல்யாணப் பத்திரிகையும் சாவு அறிவிப்பும் தவிர வேறெதுவும் அச்சானதில்லை. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை கட்டிய தாளில் அவர் படத்தையும் பிறந்த, இறந்த வருஷங்களையும் போட்டு மரம், கம்பம், வாசல் என்று ஒட்டிவிடுவோம். ஒட்டியதை யாரும் கையால் கிழிக்க மாட்டார்கள், மழையும் வெயிலும்தான் கிழிக்கும். திராய்ச்சேயின் பெரிய இயந்திரத்தில் அந்தக் கறுப்புக் கரை பதினாறு வருஷமாகக் கழற்றப்படாமல் இருந்தது. கட்சியின் நிறம் மஞ்சள். மஞ்சள் மை ஸ்லொவேனியாவிலிருந்து வரவேண்டும், வரவில்லை, கறுப்பிலேயே அடித்தோம். வேட்பாளர் தம் வயதை மறைக்கக் கூடாது என்பது கட்சி விதி, ஆகவே எங்கள் வேட்பாளரான டாக்டரின் படத்துக்கும் பெயருக்கும் கீழே 1938 என்று போட்டோம், தேர்தல் நடக்கும் வருஷம் தெரியட்டும் என்று பக்கத்தில் கோடு இழுத்து 1990 என்றும் போட்டோம். வாசகத்தை முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் ஆயின. 'நேர்மையாக வாழ்ந்தவர். யாரையும் புண்படுத்தாதவர்.' ஒருமனதாக நிறைவேறியது. அச்சுப் படியைப் பதினொரு பேரும் கையில் வாங்கிப் பார்த்தோம், காற்புள்ளியைப் பற்றி வாதம்கூட நடந்தது. வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. படித்தவர்கள் பதினொரு பேர் சேர்ந்தால் எவ்வளவு பெரிய குருடு உண்டாகும் என்பதற்கு நான் சாட்சி.

திங்கட்கிழமை விடியலில் இருநூறு தாள்கள் ஒட்டப்பட்டன. ஒன்பது மணிக்கெல்லாம் பெண்கள் கறுப்புத் துணி கட்டி, இறந்தவர் பெயரில் பகிர்ந்து சாப்பிடும் அவித்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் தூவி எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது டாக்டரே. வந்தவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். இந்த இடத்தில் வேறு எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும், "என்னடி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தி விரட்டியிருப்பான். டாக்டருக்கு மனம் வரவில்லை. பாவம், அதிகாலையில் எழுந்து கோதுமை அவித்திருக்கிறார்கள், அவர்களை வெட்கப்பட வைப்பதா என்று நினைத்தார். உள்ளே வரச் சொன்னார். திராட்சைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் வழக்கப்படி ஒரு சொட்டைத் தரையில் விட்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் அவரும், "கடவுளே, மன்னியும்" என்றார். கோதுமையை நீட்டினார்கள். ஒரு கரண்டி சாப்பிட்டார். பதினொரு மணிக்கு நான் போனேன். நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு இன்றும் நாக்கு கூசுகிறது.

மனைவி மென்கா பக்கத்து நகரமான ஷ்டிப்பில் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். முதல் ஷிப்ட் முடிந்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. கூடம் நிறைய ஆட்கள், நடுவில் புருஷன். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கிளிகோர், எந்திரிச்சு நான் சாகலைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்யா!"

"இவ்வளவு பேர் ஒரு கருத்தோட வந்திருக்காங்க, மென்கா. அவங்க கருத்து அவங்களுக்கு."

"சாவுல என்னய்யா கருத்து?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். கை கிணற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

மருத்துவரை அழைத்துவந்தார்கள். அவர் நாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, கட்டணம் வாங்காமல் போனார். பாதிரியார் வந்து, மேலே ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, கோதுமை சாப்பிட்டாகிவிட்டதே என்றார். மென்கா சுவரொட்டிகளைக் கிழிக்கப் புறப்பட்டாள், கணவரே தடுத்துவிட்டார். எந்தச் சுவரொட்டியையும் எந்த உறுப்பினரும் கிழிக்கக் கூடாது என்று கட்சி விதிமுறையில் ஒரு பிரிவு உண்டு. எழுதியவர் அவர்தான். அடுத்த ஞாயிறு தேர்தல் நடந்தது. இறந்தவர் போட்டியிடக் கூடாது என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை, எங்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது, தோற்றோம். மறு வருஷம் செப்டம்பரில் கூட்டாட்சியை விட்டு நாடு தனியாகப் போகலாமா என்று கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். டாக்டர் வரிசையில் நின்று ஆம் என்று போட்டார். அன்று ஊரே தெருவில் ஆடியது. எங்கள் கட்சி பதினைந்து மாதமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. டாக்டர் ஜன்னலருகே நின்று பார்த்தார். சந்தோஷமா என்று கேட்டேன். "சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான்" என்றார்.

அவருக்குச் சூடு, குளிர், காரம், கோபம் எதுவும் தெரியவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல நடந்தது. சாப்பிட்டார், தூங்கினார், ஒழுங்காக முகம் மழித்தார். மென்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் வாயிலிருந்து ஒரு 'ஆ' வரவேண்டும். வலியோ சந்தோஷமோ எரிச்சலோ, ஏதோ ஒன்று அவரைத் தொடவேண்டும், அது தன் கண்ணெதிரே நடக்கவேண்டும். தொட்டுவிட்டால் மீதியைத் தான் இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினாள். அதற்காக அவள் செய்யாதது இல்லை. நெருப்பாய் எரியும் மிளகாயைக் குழம்பில் அள்ளிப் போட்டாள், அவர் நன்றாக இருக்கிறது என்றார். சட்டைக்குள் பனியைப் போட்டாள். அவருடைய விதிமுறைப் புத்தகத்தை அடுப்பில் எரித்தாள், தலைநகருக்கு எழுதி வேறு பிரதி வரவழைத்துக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, மென்காவுக்குப் பித்தம் என்று பேசிக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் அவர் விரலைப் பிடித்து, "வலிக்குதா?" என்று கேட்டு அழுத்துவாள். "இல்ல" என்பார். அவள் விரல்தான் மரத்துப்போகும்.

அந்த மரப்புதான் கட்சிக்கு வாழ்வு கொடுத்தது. 1994இல் தெற்கே இருந்த அண்டை நாடு, எங்கள் நாட்டுப் பெயர் பிடிக்காமல் எல்லையை மூடிவிட்டது. பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, மரத்துப்போக வைக்கும் ஊசி நாட்டில் எங்குமே இல்லை. டாக்டர் தம் ஆள்காட்டி விரலை ஈறில் வைத்தார். எண்ணி ஐந்து வினாடி. பிறகு தாடையையே கழற்றினாலும் ஆளுக்குத் தெரியாது. ஷ்டிப்பிலிருந்தும் கொச்சானியிலிருந்தும், ஏன், ஸ்கோப்யேயிலிருந்தும் வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் பல் வலி இல்லாமலே வந்தார்கள். வேலை போனவர்கள், ஆலை மூடியவர்கள், மகன் வெளிநாடு போய்க் கடிதம் போடாதவர்கள். நெற்றியில் விரல் வைக்கச் சொன்னார்கள். அவர் யாரையும் வற்புறுத்தாதவர், மறுக்கவும் மாட்டார். வைத்தார். அந்த அக்டோபர் தேர்தலில் பொட்லேஷ் தொகுதியே அவருக்கு ஓட்டுப் போட்டது. ஊரில் யாருக்கும் உற்சாகம் இல்லை, எதிர்ப்பும் இல்லை, மரத்த வாயோடு போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் கட்சியின் மாபெரும் வெற்றி அது. கொண்டாட்டத்துக்கு வாங்கிய சாராயம் பாதி மிஞ்சியது.

நாலு வருஷம் நாடாளுமன்றத்தில் இருந்தார். அவர் இறந்தவர் என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. கூட்டணியில் இருந்த பெரிய கட்சி நடுவில் எங்களைக் கழற்றிவிட்டது. தலைநகரில் எங்கள் கட்சித் தலைவர்கள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள், டாக்டர் அந்த முடிவை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். அன்று மென்கா வானொலியைக் கேட்டுவிட்டு, இன்றைக்காவது கோபத்தோடு வருவார் என்று பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். அவர் இறங்கி, "குளிர்ல ஏன் நிக்கிற?" என்று மட்டும் கேட்டார். பிறகு கட்சி இன்னொரு கட்சியோடு சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் பிரிந்தது. பிரிந்தது மறுபடி இரண்டாகியது. ஒவ்வொரு மாநாட்டிலும் இரு தரப்பும் அவரிடம் ஆதரவு கேட்டன, இரு தரப்பின் வாதத்திலும் நியாயம் இருப்பதாக அவர் சொன்னார். மதில் மேல் பூனைக்குக்கூட ஏதாவது ஒரு பக்கம் பசிக்கும். இவருக்குப் பசியே இல்லை.

ஸ்கோப்யே பஸ்ஸை ஓட்டியவர் ஸ்டோய்மிர், மனைவியை இழந்தவர். அவருக்கு வலிக்காத இடமே கிடையாது. முட்டி வலிக்கும், முதுகு வலிக்கும், அரசாங்கம் வலிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய புது டிராக்டர் எல்லாவற்றையும்விட வலிக்கும். ஒருமுறை கடைவாய்ப் பல்லுக்காக டாக்டரிடம் வந்தார். டாக்டர் விரலை வைத்தார், ஐந்து வினாடி ஆயிற்று, பத்தும் ஆயிற்று.

"ஐயோ! கொல்றாரே! தெய்வமே, செத்தவன் கையால என்னைக் கொல்றாரே!"

தெருவில் போன நாய்கள் குரைத்தன. அந்த விரலுக்கு மரத்துப்போகாத ஒரே வாய் அவருடையதுதான். அடுத்த அறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மென்கா கதவோரம் வந்து நின்று அந்த அலறலை முழுவதும் கேட்டாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஸ்டோய்மிர் அந்த மாதத்தில் மேலும் நான்கு பல்லுக்காக வந்தார். அவற்றில் இரண்டு நல்ல பல்.

2000ஆம் வருஷம் ஓய்வூதியத்துக்காக டாக்டர் மருத்துவச் சான்று வாங்கப் போனார். புதிதாக வந்திருந்த மருத்துவர் நேர்மையானவர், கண்டதை எழுதினார். பதிவு அலுவலகத்தில் ஒரு பழைய சுவரொட்டியை ஆதாரமாக இணைத்து, இறந்த தேதி 1990 நவம்பர் ஐந்து என்று பதிந்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று அவரையே கேட்டார்கள். பதிவேடு உண்மையாக இருக்கவேண்டும் என்று கையெழுத்திட்டார். வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயர் போயிற்று. மென்காவுக்கு விதவை ஓய்வூதியம் வந்தது. பல் பிடுங்குவதற்குத் தடை வரவில்லை. இறந்தவர் பல் பிடுங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்த வருஷம் மேற்கே மலைகளில் சண்டை நடந்தது. வசந்தம் முழுக்கத் தொலைக்காட்சியில் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நெற்றியைக் காட்டி வரிசையில் நின்றவர்கள் கூடினார்கள். அது அடங்கிய செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முற்றத்தில் மென்கா குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எதிரே உட்கார்ந்து விதை எடுத்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பேட்டில் அவர் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை, ஆகவே இருந்தேன்.

"ஸ்டோய்மிர் என்னைக் கட்டிக்கறேங்கறார்" என்றாள் மென்கா.

டாக்டர் ஒரு மிளகாயை முடித்துத் தட்டில் வைத்தார். "நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். கொஞ்சம் கத்துவார்."

"கத்துவார்."

"நான் என்ன சொல்லட்டும், கிளிகோர்?"

அவள் கை மிளகாய்மேல் அசையாமல் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. போகாதே என்றுகூட வேண்டாம், ஒரு முகச்சுளிப்பு போதும். பதினொரு வருஷமாக அவள் கேட்டது அதுதான், அப்போதும் அதைத்தான் கேட்டாள் என்று எனக்கே புரிந்தது. மனசுக்குள், சொல்லுய்யா, சொல்லித் தொலைய்யா என்று நான் கத்தினேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் அந்தக் கட்சிக்காரன்தானே.

"உன் விருப்பம், மென்கா" என்றார் டாக்டர். "அதுல தலையிட எனக்கு உரிமை கிடையாது."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அது மட்டும் உண்மை. ஒரு ஆளுக்கு இன்னொரு ஆள் கொடுக்கக்கூடியதில் மிகப் பெரியது அதுவே என்று அவர் உயிரோடு இருந்தபோதே நம்பியவர். மென்கா கையிலிருந்த மிளகாயைத் தட்டில் வைத்தாள். பிறகு கையைக் கழுவினாள். "மிச்சத்தை நீ உரிச்சிடு, சூடுதான் உனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணிகளை மடித்தாள். அவர் கொதிக்கும் மிளகாய்களை வெறுங்கையால் எடுத்து, ஒன்றையும் பாழாக்காமல் உரித்து முடித்தார்.

கல்யாணம் அக்டோபரில் நடந்தது. டாக்டர் நல்ல கோட்டுப் போட்டு வந்தார், சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் குறைந்தபோது முன்வந்தார், இறந்தவர் கையெழுத்துச் செல்லாது என்று அலுவலர் மறுத்துவிட்டதால் நான் போட்டேன். ஸ்டோய்மிர் புதுச் செருப்புக் கடிக்கிறது என்று விருந்து முழுக்க முனகினார். மென்கா குனிந்து செருப்பைக் கழற்றி, அவர் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அவர் "ஆ, ஆ" என்றார். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கட்சியில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு பேரில் மூன்று பேர் நிஜமாகவே இறந்தார்கள், மூன்று பேர் பெரிய கட்சிகளுக்குப் போனார்கள், இரண்டு பேர் ஆஸ்திரேலியா போனார்கள், ஒருவர் தாம் எப்போதாவது உறுப்பினராக இருந்தாரா என்பதே நினைவில்லை என்றார். மிஞ்சியது டாக்டரும் நானும். நானும் 2002 தேர்தலில் வேறு கட்சிக்குப் போட்டேன், பள்ளிக்கூடத்தில் என் வேலை நிலைக்க வேண்டியிருந்தது. அதை டாக்டரிடம் சொன்னபோது என் கருத்தை மதித்தார். அவர் மதித்ததுபோல என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. குறிப்பேட்டை மட்டும் விடாமல் எழுதிவந்தேன்.

வருஷந்தோறும் வரும் இறந்தோர் சனிக்கிழமையில் ஊர்ப் பெண்கள் கோதுமையோடு கல்லறைக்குப் போகும்போது, மென்கா தட்டோடு டாக்டர் வீட்டுக்குப் போவாள். அவர் கதவைத் திறப்பார். அவள் மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றி, சாராயத்தில் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, வருஷத்துச் செய்தியெல்லாம் சொல்லுவாள். அவர் காப்பி போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். புறப்படும்போது அவர் விரலைப் பிடித்து அழுத்துவாள். "வலிக்குதா?" "இல்ல." பிறகு ஸ்டோய்மிருக்கு வயிற்று வலிக் கஷாயம் வைக்க நேரமாகிவிட்டது என்று போய்விடுவாள். இதில் ஊரில் யாருக்கும் வியப்பில்லை. புருஷனை இழந்தவர்கள் எல்லோரும் அன்று எங்காவது போகத்தான் செய்கிறார்கள்.

2006 ஜூலைத் தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் நான் எண்ணிக்கை அலுவலராக இருந்தேன். லிபரல் ஒன்றியத்துக்கு ஓட்டு ஒன்று. வாக்காளர் பட்டியலில் டாக்டர் பெயர் கிடையாது, நான் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். செய்தி அன்று மாலையே தெருவெல்லாம் பரவியது. "என் வீட்டுலயேவா! இதைவிட என் நெஞ்சைப் பிளந்திருக்கலாமே!" என்று ஸ்டோய்மிர் தலையில் அடித்துக்கொண்டு அலறியது கடைத்தெரு வரைக்கும் கேட்டது. மென்கா அவருக்குக் கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டாளாம்.

மறுநாள் காலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வரிசை வாசல் தாண்டி நின்றது. 'பொட்லேஷ் கிளை, பெற்ற வாக்கு: ஒன்று' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்துப் பார்த்தார்.

"யாருதுன்னு தெரியுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுக்கக் கூடாதுப்பா" என்றார் கிளிகோர் பான்கோவ்ஸ்கி. "ரகசிய வாக்கு."

கிளைத் தலைவருக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.